குப்பைக்கு ஏது பருவம்?

அரசாங்கத்திடம் ஒரு சொல் இருக்கிறது. பருவகாலம். நெல்லுக்கும் மழைக்கும் அதைப் பயன்படுத்தினால் நமக்கு வழக்கில்லை. மனுஷனுக்குப் பயன்படுத்துகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கணக்கு எழுதுகிறவர் 'பருவகாலப் பட்டியல் எழுத்தர்'. அங்கே ராத்திரி மூட்டைகளுக்குக் காவல் இருக்கிறவர் 'பருவகாலக் காவலர்'. மழை பிடித்ததும் வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு தேடுகிற பெண் டெங்கு சீசனுக்கு எடுத்த தினக்கூலி. திருவிழாக் கூட்டத்துக்காகத் தெருக்கூட்ட எடுத்த ஆள், தேர் நிலைக்கு வந்ததும் ஆளே இல்லை. காஞ்சிபுரம் மாதிரி கோயில் ஊரில் இப்படிப் 'பருவமாக'வே இருந்து முடி நரைத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

இவர்கள் நிரந்தர வேலை கேட்க முடியுமா? ஆபீசில் கேட்டால், வேலையே சீசனுக்குத்தானே என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால், பின்வாசலில் வந்தவருக்கு உரிமை இல்லை என்கிறார் அரசு வக்கீல். நம்மிலேயே படித்த சிலர், அந்த வேலையை நிரந்தரமாகக் கேட்பதே தப்பு என்கிறார்கள். மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபீஸ்காரரிடமிருந்து ஆரம்பிப்போம்.

எது பருவம்?

பருவம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது. பாவு இல்லாமல் தறி ஓடாது. தறிக்காரர் அந்த நாட்களில் கடன் வாங்கித்தான் சோறு தின்கிறார். அது பருவம். வானம் வேலையை நிறுத்துகிறது.

நெல்லைப் பாருங்கள். ஏரிப் பாசனம் உள்ள இந்த மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஒன்று அறுத்து முடிந்தால் அடுத்தது வயலில் நிற்கிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ல் தொடங்கியது. அரை நூற்றாண்டாக நெல் வருகிறது, அரவைக்குப் போகிறது, ரேஷன் கடையில் அரிசியாக விழுகிறது. நெல் எந்த வாரம் வரும் என்பதில் முன்னே பின்னே இருக்கலாம். வருமா வராதா என்ற சந்தேகம் எந்த வருஷமும் இருந்ததில்லை. வருஷா வருஷம் தவறாமல் வருகிற வேலையைச் செய்ய, வருஷா வருஷம் புதுசாக ஆள் எடுப்பதுபோல நடிக்கிறார்கள். எடுப்பது பெரும்பாலும் அதே ஆளைத்தான். அவனுக்குத்தான் வேலை தெரியும்.

கொசுவைப் பாருங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய தொட்டியின் சுவரில் மாசக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கிடக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். அப்படியென்றால் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டியது மழைக்கு முன்னால், வருஷம் பூரா. அரசாங்கமோ மழையோடு ஆளை எடுத்து மழையோடு அனுப்புகிறது. கொசு முட்டை அந்தத் தொட்டியில் நிரந்தரம். அதைத் தேய்க்கிற பெண் பருவம்.

திருவிழாவைப் பாருங்கள். மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம். பங்குனியில் ஏகாம்பரநாதர் உத்திரம். வைகாசியில் வரதராஜர் கருட சேவை. நடுவில் ஆடி வெள்ளி, புரட்டாசி சனி, முகூர்த்த நாளெல்லாம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை வாங்க வருகிற கூட்டம். எந்த மாசத்தில் இந்த ஊரில் எச்சில் இலை விழாமல் இருந்தது? பன்னிரண்டு மாசத்துக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்துவிட்டு, ஒவ்வொரு மாசத்தையும் சீசன் என்று சொன்னால் வருஷம் முழுக்க வேலை இருக்கும், ஒரு நாள்கூட வேலைக்காரன் இருக்க மாட்டான். இது கணக்கில் செய்கிற மோசடி.

உண்மையிலேயே பருவத்துக்கு வருகிறவர் இந்த ஊரில் ஒருத்தர் உண்டு. அத்திவரதர். 1979ல் வந்தார், 2019ல் வந்தார், இனி 2059ல் வருவார். 2019ஆம் வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுக்கப் படுத்திருந்தார், ஆகஸ்டில் நின்றார். லட்சம் லட்சமாக ஜனம் வந்தது. மொத்தம் ஒரு கோடி என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஒரு கோடிப் பேர் குடித்துப்போட்ட பாட்டில், தின்றுபோட்ட பொட்டலம், இருந்துவிட்டுப்போன மலம் எல்லாம் எங்கே போயிற்று? வெளியூர் நகராட்சிகளிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து அள்ள வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பெருமாளுக்கு அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் நிரந்தர இடம் இருக்கிறது. தினமும் வருகிற மனுஷிக்கு மஸ்டரில் இடமில்லை.

பரம்பரையாக நிரந்தரம்

பருவம் என்பது வேலைக்கு வைத்த பெயர் கிடையாது, வேலை செய்கிற சாதிக்கு வைத்த பெயர். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

சம்பளம் என்று ஒன்று இல்லாத காலத்தில் நம் வேலை நிரந்தரமாகத்தான் இருந்தது. தோட்டி, வெட்டியான், தலையாரி. அப்பன் செத்தால் மகன். யாரும் இன்டர்வியூ வைக்கவில்லை, யாரும் பின்வாசல் என்று சொல்லவில்லை. செத்த மாட்டைத் தூக்கு, சாவுக்குச் சேதி சொல்லு, ஏரி மதகைத் திற, களத்தில் காவல் இரு. கூலி, களத்து மேட்டில் அடித்துக்கூட்டியதில் ஒரு மரக்கால். அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொன்னவனுக்குக் கட்டிவைத்து உதை. அப்படிப்பட்ட நிரந்தரம்.

இதை அரசியல் கேள்வியாக ஆக்கியவர் அம்பேத்கர். மகாராஷ்டிரத்தில் மகார்களின் பரம்பரை ஊழியத்துக்கு 'வதன்' என்று பெயர். பேருக்குக் கொஞ்சம் நிலம், ஊரார் போடுகிற தானியம், அதற்குப் பதிலாக இருபத்துநாலு மணி நேரமும் சர்க்காருக்கும் ஊருக்கும் அடிமை வேலை. 1928ல் பம்பாய் சட்டசபையில் அந்தச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அதன் சாரம் ரெண்டே விஷயம்: வேண்டாம் என்கிறவனை விடுதலை செய், வேலை வாங்குகிறாயா, பிச்சையாகப் போடாமல் முறையாகக் கூலி கொடு. மசோதா தேறவில்லை. அவர் வைத்த கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டில் கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகளை 1980ல் ஒழித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அடியில் இருந்த வெட்டியான், தலையாரிகள் 'கிராம உதவியாளர்' என்ற பெயரோடு முழுநேர ஊழியராக ஆவதற்கு மேலும் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. மேலே இருந்தவன் பதவி போனது அதிகார மாற்றம். கீழே இருந்தவனுக்குச் சம்பளம் வருவது மட்டும் 'நிதிச்சுமை'.

கவனியுங்கள். வேலை அடிமைத்தனமாக இருந்தவரைக்கும் அது நிரந்தரம். வேலைக்குச் சம்பளம், பென்ஷன், குவார்ட்டர்ஸ், மருத்துவ விடுப்பு என்று வர ஆரம்பித்ததும் அது தற்காலிகம், தினக்கூலி, தொகுப்பூதியம், பருவகாலம், சுய உதவிக் குழு, அவுட்சோர்சிங். ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு புதுப் பெயர். 2020ல் துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கினார்கள். கொரோனாவில் 'முன்களப் பணியாளர்' ஆக்கினார்கள். பெயரில் பதவி உயர்வு மேல் பதவி உயர்வு.

கோயிலுக்குள்ளேயும் பரம்பரை இருக்கிறது. 1970ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் அர்ச்சகர் வேலையில் வாரிசுமுறையை ஒழித்தது. 1972ல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் வாரிசுமுறை ஒழிப்பை ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டாகக் கருவறைக்குள் நுழைந்த நம்மாட்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். அதே வரதராஜர் கோயிலில் பிரபந்தம் பாடும் உரிமை வடகலைக்கா தென்கலைக்கா என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கு நடக்கிறது. வெள்ளைக்காரன் கோர்ட்டும் விசாரித்தது, சுதந்திர இந்தியாவின் கோர்ட்டும் விசாரிக்கிறது. சாமி முன்னால் யார் பாடுவது என்ற பாத்தியதையைக் காப்பாற்ற நூறு வருஷத்துக்கு மேல் நேரம் இருக்கிற நீதி, அதே மாடவீதியைக் கூட்டுகிறவளின் பாத்தியதை என்று வரும்போது மட்டும் 'போட்டித் தேர்வு எழுதினாயா?' என்று கேட்கிறது.

சட்டம் கொடுத்ததும் எடுத்ததும்

இனி வக்கீல். சட்டத்தை நாமும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், தோழர்களே. தெரியாததால் ஏமாறுகிறோம்.

முதலில் 240 நாள். 240 நாள் முடித்தால் நிரந்தரம் என்று நம்மாளுங்க ரொம்பப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டம் சொன்னது இவ்வளவுதான்: 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை, நோட்டீசும் நஷ்டஈடும் கொடுக்காமல் ஆட்குறைப்பு செய்யக் கூடாது. இந்தச் சின்னப் பாதுகாப்பைக்கூடக் கொடுக்க மனசில்லாமல்தான் நடுவில் 'பிரேக்' போடுவது, பெயரை மாற்றி எழுதுவது, மஸ்டரைக் கிழித்துப் புது மஸ்டர் போடுவது என்ற வித்தைகளெல்லாம் வந்தன. 1984ல் இந்தச் சட்டத்துக்கு ரெண்டு முகம் வந்தது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து போகிறவரை ஆட்குறைப்பு செய்ததாகவே கருத வேண்டாம் என்று ஒரு பிரிவு. நிரந்தர உரிமையைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே ஆளை வருஷக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது முறைகேடு என்று இன்னொரு பக்கம். முதல் வரியை ஆபீஸ் மனப்பாடம் செய்துகொண்டது. இரண்டாவது வரியை நமக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

இரண்டாவது, 1981ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்றது. இந்தியாவில் அபூர்வமான சட்டம். ஆனால் நீ வேலை செய்யும் இடம் அந்தச் சட்டம் சொல்லும் 'தொழில் நிறுவனம்'தானா என்பதை ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டு நிரூபிக்க வேண்டும். பருவகாலம் என்ற சொல் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. லே-ஆஃப் நஷ்டஈடு பற்றிய பகுதியில் தொழில் தகராறு சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஒரு நிறுவனம் பருவகாலத் தன்மை உள்ளதா என்று கேள்வி வந்தால், அரசாங்கத்தின் முடிவே இறுதி. வேலைக்கு வைக்கிறதும் அவன், இது பருவகாலம் என்று முடிவு செய்கிறதும் அவன். பந்தயத்தில் ஓடுகிறவனே விசிலும் ஊதுகிறான்.

மூன்றாவது, 1995ல் பஞ்சாபின் மொரிண்டா கூட்டுறவு சர்க்கரை ஆலை வழக்கு. சீசன் முடிந்து வேலை நிற்பது ஆட்குறைப்பு ஆகாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்பு இதோடு படிப்பதை நிறுத்திவிடும். அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். சீசனில் வேலை செய்தவர்கள் அனைவரின் பெயரையும் பதிவேட்டில் வைத்திரு, அடுத்த சீசன் தொடங்கும்போது சீனியாரிட்டிப்படி அவர்களையே கூப்பிடு என்றும் அதே கோர்ட் உத்தரவிட்டது. உண்மையான பருவகாலத் தொழிலாளிக்கே இந்த உரிமை உண்டு. நம் ஊரில் எந்த ஆபீசில் இந்தப் பதிவேடு இருக்கிறது? மேஸ்திரியின் பாக்கெட் நோட்டுதான் பதிவேடு. மேஸ்திரிக்கு யாரைப் பிடிக்குமோ அவர்தான் சீனியர்.

நாலாவது, உமாதேவி. 2006 ஏப்ரல் 10, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு. தற்காலிகமாக நுழைந்தவர் பல வருஷம் வேலை செய்தார் என்பதற்காகவே நிரந்தரம் கேட்க முடியாது. அரசு வேலை எல்லோருக்கும் திறந்த போட்டியில்தான் போக வேண்டும் என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில், கோர்ட் தடையாணைகளின் துணை இல்லாமல் பத்து வருஷம் முடித்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை வழி செய்யலாம் என்று ஒரு ஜன்னல் வைத்தது. தமிழ்நாட்டில் அதற்குச் சில வாரம் முன்பு, 2006 பிப்ரவரி 28ல் வந்த அரசாணை 22ம், அந்த வருஷம் ஜனவரி 1ல் பத்து வருஷம் முடித்த தினக்கூலிகளுக்குத்தான். ஒரு மாசம் குறைந்தவனுக்குக் கதவு சாத்தியாச்சு.

உமாதேவி தீர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாம் நேர்மையானவர்கள் கிடையாது. இடஒதுக்கீடு என்பது முறையான நியமனத்தில்தான் உயிரோடு இருக்கும். ஆபீசுக்குள்ளே மேனேஜரின் மச்சான், சேர்மனின் மருமகன் என்று தற்காலிகமாக நுழைந்து நிரந்தரமான கிளார்க்குகளால் இழந்தது யார்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நம் பிள்ளைகள்தான். அந்தப் பின்வாசலை அடைக்கட்டும். ஆனால் துடைப்பம் வைத்திருக்கிற கையைப் பார்த்துப் 'பின்வாசலில் வந்தாய்' என்றால் சிரிப்பதா அழுவதா? நம்மை என்றைக்கு முன்வாசலில் விட்டீர்கள்? எடுப்புக் கக்கூஸ் காலத்தில் ஒவ்வொரு அக்கிரகாரத்துக்கும் முதலித் தெருவுக்கும் பின்னால் ஒரு சந்து இருந்தது, நம் பாட்டிகள் கூடையோடு வர. பின்வாசலைக் கட்டியவர்கள் நீங்கள், அதில் மட்டும்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டவர்களும் நீங்கள். சாக்கடை அள்ளும் வேலைக்கு விளம்பரம் கொடுத்து, மனு வாங்கி, ஆணை கொடுக்க வேண்டிய கடமை அரசாங்கத்தினுடையது. அது தன் கடமையைச் செய்யாததற்குத் தண்டனை அள்ளினவளுக்கா?

என் அத்தை ஒரு நகராட்சியில் பதினோரு வருஷம் தெருக்கூட்டினார். வேலையை விட்டு நிறுத்தியபோது, வேலை பார்த்ததற்கு ஒரு சீட்டாவது கொடுங்கள் என்று கேட்டார். "எந்த ரிஜிஸ்டர்ல உன் பேரு கீது, காட்டு" என்றார்கள். ரிஜிஸ்டர் இருந்தது அவர்கள் பீரோவில், சாவி இருந்தது அவர்கள் இடுப்பில். அத்தை கையில் இருந்தது துடைப்பம் பிடித்துக் காய்த்த தழும்பு மட்டும். தழும்பை எக்சிபிட்டாக எந்த கோர்ட்டும் குறியீடு செய்வதில்லை.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது

மும்பையில் நம்மாட்கள் கோர்ட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அங்கே மாநகராட்சி, குப்பை அள்ளுகிறவர்களைத் தொழிலாளர் என்றே சொல்லவில்லை. தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்த 'தொண்டர்கள்' என்றது. கசரா வாகதூக் சிரமிக் சங்கம் விடாமல் நடத்திய வழக்கில், நடுவில் இருந்த ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தீர்ப்பாயம் கண்டது. 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் 2,700 தொழிலாளர்கள் நிரந்தரம் வாங்கினார்கள். சங்கம் இல்லாமல் தனித்தனியாகப் போயிருந்தால் ஒருத்தருக்கும் கிடைத்திருக்காது.

2024 டிசம்பர் 20ல் ஜக்கோ வழக்கு. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பெருக்கிய பெண்களையும் தோட்டக்காரரையும் ஒரே தாளில் வெளியே அனுப்பியிருந்தார்கள். உமாதேவி தீர்ப்பை இப்படித் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று சொல்லி, அவர்களை வேலைக்கு எடுத்து முறைப்படுத்த உத்தரவிட்டது உச்சநீதிமன்றம். 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வழக்கிலும் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு. 2025 ஆகஸ்ட் 19ல் தரம் சிங் வழக்கு: அரசு என்பது சந்தையில் ஆள் பிடிக்கிற முதலாளி போன்றது கிடையாது, அது அரசியலமைப்பின் முதலாளி, அடிப்படையான, ஓயாமல் நடக்கிற பொதுவேலைகளைச் செய்கிறவர்களின் முதுகில் அது பட்ஜெட்டைச் சரிக்கட்டக் கூடாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள்.

இதை நம்பிக் கைகட்டி உட்கார வேண்டாம். ஒரு பெஞ்ச் சொன்னதை இன்னொரு பெஞ்ச் வேறு மாதிரி சொல்லும். ஆனால் 'கேட்கவே முடியாது' என்று சொல்கிற அரசு வக்கீலுக்கு இனி இந்தப் பெயர்களைச் சொல்லலாம்.

அரசாங்கமும் இந்தத் தீர்ப்புகளைப் படிக்கிறது. அதனால்தான் வேலையையே கை மாற்றுகிறது. காஞ்சிபுரம் நகராட்சி 2021ல் மாநகராட்சி ஆனது. ஊர் பிரமோஷன் வாங்கியது. அடுத்த வருஷம் அக்டோபரில் அரசாணை 152 வந்து, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றி எழுதி, கூட்டுகிற அள்ளுகிற வேலையை வெளிமுகமைக்குத் தள்ளியது. இப்போது நிரந்தரம் யாரிடம் கேட்பது? மாநகராட்சி கம்பெனியைக் காட்டும், கம்பெனி டெண்டரைக் காட்டும், டெண்டர் முடிந்ததும் கம்பெனியே இருக்காது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. குறிப்பிட்ட கால வேலை என்பதை அது சட்டத்திலேயே உட்கார வைத்திருக்கிறது. பருவம் என்ற சொல்லுக்கு இனி தேவைகூட இல்லை, எல்லோரையும் பருவமாக்கலாம்.

சென்னையில் நடந்ததைப் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மழையிலும் வெயிலிலும் பதிமூன்று நாள். 13ஆம் தேதி நள்ளிரவில், கோர்ட் உத்தரவு இருக்கிறது என்று போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. வேலை கேட்டால் சோறு போடுகிறார்கள். களத்து மேட்டு மரக்கால் திரும்பவும் வந்துவிட்டது, எவர்சில்வர் டப்பாவில்.

நம்மிடமிருந்து வருகிற கேள்வி

கடைசியாக நம்மவர்கள். அந்தப் போராட்டம் கலைக்கப்பட்ட நாட்களில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன், நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளுகிறவர்களே காலம் பூரா அள்ளிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்வதாகிவிடும் என்ற பொருளில் பேசினார். அவர் மட்டும் சொல்கிற கருத்து இல்லை. நம் கூட்டங்களில் நெடுநாளாக இருக்கிற வாதம்தான். இதைத் துரோகம் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். அதில் ஒரு வலி இருக்கிறது. நம் பிள்ளை துடைப்பம் பிடிக்கக் கூடாது என்ற வலி. அம்பேத்கர் வதனை எதிர்த்ததும் அந்த வலியில்தான்.

ஆனால் வாதம் தப்பு. ஏன் தப்பு என்பதைக் கோயம்புத்தூர் காட்டியது. 2019ல் அங்கே மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. 7,000 பேர் வந்து நின்றார்கள். எஞ்சினியர்கள், பட்டதாரிகள், எல்லாச் சாதியும். நிரந்தரம் என்று எழுதினால் துடைப்பத்துக்கும் எல்லாச் சாதியும் வரிசையில் நிற்கிறது. தினக்கூலி என்று எழுதினால் வரிசையில் சேரி மட்டும் நிற்கிறது. இப்போது சொல்லுங்கள், இந்த வேலையை நம் சாதியோடு கட்டிப்போட்டிருப்பது நிரந்தரமா, தற்காலிகமா?

நம் தெருக்களில் போய்ப் பாருங்கள். எந்த வீட்டுப் பிள்ளை காலேஜுக்குப் போனான்? அப்பாவோ அம்மாவோ நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, பி.எஃப். லோன் போட்டு, ரிட்டயர் ஆன பணத்தில் பீஸ் கட்டிய வீட்டுப் பிள்ளை. எந்த வீட்டுப் பிள்ளை பதினாறு வயசில் அம்மாவின் வண்டியைத் தள்ளப் போனான்? தினக்கூலிக்காரி காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி போய்விடுமே, மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவாரே என்று பயந்த வீட்டுப் பிள்ளை. தற்காலிகம்தான் வேலையைப் பரம்பரையாக்குகிறது. நிரந்தரம்தான் அடுத்த தலைமுறையை வெளியே அனுப்புகிறது.

'மெஷின் வரட்டும், மனுஷன் அள்ள வேண்டாம்' என்றால் நமக்கும் அதே ஆசைதான். கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். குழியில் இறங்கிச் சாவது நிற்கவில்லை. செத்தவர் யாருடைய ஆள் என்று கேட்டால் அதிகாரி காண்ட்ராக்டரைக் காட்டுகிறார், காண்ட்ராக்டர் சப்-காண்ட்ராக்டரைக் காட்டுகிறார். மெஷின் வரட்டும், அதை ஓட்டுகிற வேலை நிரந்தரமாக நம் ஆளுக்கு வரட்டும். மெஷின் வந்ததும் ஓட்டுநர் வேலைக்கு வேறு சாதி, கீழே சிந்தினதை அள்ள நாம் என்றால் அது விடுதலை இல்லை. தொழிலிலிருந்து விடுதலை வேண்டும், அதற்குக் கைச்செலவு வேண்டும். மாற்று வேலையை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் இந்த வேலையை நிரந்தரமாகக் கேட்காதே என்று சொல்லுங்கள். கொடுக்கிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, நம் தலைவர்களுக்கும் கிடையாது.

செய்ய வேண்டியது

சாட்சி சேர்க்க வேண்டும். வேலைக்குப் போகிற ஒவ்வொரு அக்காவும் அண்ணனும் ஒரு நோட்டுப் போட்டு நாளையும் தெருவையும் எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதட்டும். அடையாள அட்டை, கூலி ஏறிய பேங்க் பாஸ்புக், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண், யூனிபாரம் போட்டு எடுத்த போட்டோ, வாட்ஸ்ஆப்பில் மேஸ்திரி அனுப்பிய 'நாளைக்கு இந்த வார்டு' என்ற ஒரு வரி, எல்லாம் சாட்சி. காண்ட்ராக்டர் மாறும்போது பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், நகல் எடுத்து வையுங்கள். படிக்கிற மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடட்டும்: இந்த ஊரில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலி எத்தனை, டெண்டர் தொகை எவ்வளவு, அதில் தொழிலாளி கைக்கு வருவது எவ்வளவு? கவிதை எழுதுகிற தோழர்கள் ஒரு வாரம் இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

கோரிக்கையைத் தெளிவாக வைக்க வேண்டும். நெல், கொசு, திருவிழா என்று உண்மையாகவே ஏற்ற இறக்கம் உள்ள வேலையா? பதிவேடு வை, சீனியாரிட்டிப்படி கூப்பிடு, வேலையில்லாத மாதத்துக்குப் பாதிக் கூலியாவது கொடு, நெல் இல்லாதபோது வேறு வேலை கொடு. வருஷம் பூரா நடக்கிற வேலையா? பணியிடத்தை உருவாக்கு, ஏற்கெனவே செய்கிறவரை அதில் வை, புதிதாக எடுக்கும் இடங்களை எல்லாச் சாதிக்கும் திற, வேறு சாதிக்காரர் வந்த மறுவாரம் அவரை ஆபீசுக்கு மாற்றாதே. அவரும் கூட்டட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவகாலத் தொழிலாளிக்கு ஒரு பலம் உண்டு, அதை அவர் கவனித்ததில்லை. பருவம் வரும்போது அவர் இல்லாமல் முடியாது. கருட சேவைக்கு மறுநாள் விடிகாலை, மாடவீதி நிறைய இலையும் எச்சிலும் கிடக்கிற அந்த நேரத்தில், வண்டிகள் டெப்போவிலேயே நின்றால் யார் பருவம், யார் நிரந்தரம் என்று ஊருக்குத் தானாகப் புரியும். அந்த நாளுக்கு இப்போதே சங்கம் கட்ட வேண்டும்.